உறுதியில் ஒரு வரி: லினக்ஸ் போடுமுன் ஹார்ட் டிஸ்க்கைப் பிரிப்பது

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் மருமகன், ஒரு சனிக்கிழமை பின்னேரம் லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தான். விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸின் ஒரு வகை லினக்ஸ் மின்ட். அதைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவலைத் தொடங்கி, பாதி வழியில் நின்றிருந்தான். திரையில் இருந்த தெரிவுகளில் ஒன்று 'ஈரேஸ் டிஸ்க்'. விரல் அதன் மேலேயே இருந்தது.

"மாமா, இதை அழுத்தினால் விண்டோஸும் போயிடுமோ?"

விண்டோஸ் மட்டுமில்லை, உன் அம்மாவின் தையல் கடைக் கணக்கும் போய்விடும் என்றேன். கையை எடுத்துவிட்டான்.

அந்த லேப்டொப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், இன்டெல் புரொசசர் எட்டாம் தலைமுறையாவது இருக்கவேண்டும். இவனுடையது ஏழாம் தலைமுறை. நன்றாக வேலை செய்யும் இயந்திரத்தைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்? கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்பதால் அதுவும் வேண்டும், லினக்ஸும் வேண்டும். ஒரே டிஸ்க்கில் இரண்டையும் குடியமர்த்தப் பிரிக்கத்தான் வேண்டும். அன்று பின்னேரம் அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

பிரிப்பது என்றால் என்ன

கொழும்பில் 10 பேர்ச் காணி ஒன்றை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். பிரித்த அன்று காணிக்குள் எதுவும் மாறுவதில்லை. மாமரம் நின்ற இடத்திலேயே நிற்கும். மாறுவது காணி உறுதியும் நில அளவைப் படமும்தான். இங்கிருந்து இதுவரை ஒருவருக்கு, அங்கிருந்து அதுவரை மற்றவருக்கு என்று காகிதத்தில் எழுதப்படுகிறது.

டிஸ்க்கிலும் அப்படித்தான். இப்படிப் பிரித்த ஒரு பகுதியைத்தான் பார்டிஷன் என்கிறார்கள்; அது டிஸ்க்குக்குள் எழுப்பிய சுவர் இல்லை. டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்பது அதில் எழுதியிருக்கும். அவ்வளவுதான். பழைய முறையான எம்பிஆரில் இந்த அட்டவணை முழுவதும் வெறும் 64 பைட். ஒரு வரிக்கு 16 பைட், மொத்தம் நான்கு வரி. 1983இல் ஐபிஎம் பீசி காலத்தில் வந்த ஏற்பாடு அது. அன்றைக்கு ஒரு டிஸ்க்கை நான்காகப் பிரிப்பதே ஆடம்பரம். நான்குக்கு மேல் வேண்டுமென்றால் ஒரு வரியை 'எக்ஸ்டென்டட்' என்று எழுதி அதற்குள் உட்பிரிவு வைக்கவேண்டும். 2 டிபிக்கு (டெராபைட்) மேற்பட்ட டிஸ்க்கை அந்த அட்டவணையால் முழுமையாக அளக்கவும் முடியாது.

இப்போதைய முறை ஜிபிடி. இதில் வழக்கமாக 128 வரிகளுக்கு இடம் உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது, அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியிலும் இருப்பது. முன்னால் இருப்பது பழுதானால் பின்னால் இருப்பதைப் பார்த்துச் சரிசெய்யலாம். உறுதியின் மூலப்பிரதி வீட்டு அலுமாரியிலும் இன்னொன்று சட்டத்தரணியிடமும் இருப்பது போல.

உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டைத் திறவுங்கள். கீழே இடது பக்கம் 'டிஸ்க் 0' என்று இருக்கும். அதில் ரைட் கிளிக், பிறகு புரொப்பர்ட்டீஸ், வொல்யூம்ஸ். 'பார்டிஷன் ஸ்டைல்' என்ற வரியில் பதில் இருக்கும்.

மூன்று வேலை, மூன்று அளவு ஆபத்து

இதை ஆறுதலாக வாசியுங்கள். பிழையாகிப்போன பெரும்பாலான கதைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

பார்டிஷன் மென்பொருளில் எல்லாமே ஒரே மாதிரி பட்டன்கள். அவற்றுக்குப் பின்னால் நடப்பது வேறு வேறு. அட்டவணையில் ஒரு வரியைச் சேர்ப்பதும் அழிப்பதும் நொடியில் முடிகிற காகித வேலை. வரியை அழித்தாலும் காணிக்குள் இருக்கும் சாமான் அப்படியே கிடக்கும். வழி காட்டும் காகிதம்தான் இல்லாமல் போகிறது. இரண்டாவது, ஃபோர்மட். அது அந்தப் பகுதிக்குள் புதிய கோப்பு முறையை எழுதி, பழைய கோப்புகளின் பட்டியலை இல்லாமல் ஆக்குகிறது. மூன்றாவது, நகர்த்துவது. பகுதியின் தொடக்க எல்லையை மாற்றினால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டையும் புதிய இடத்துக்குக் கொண்டுபோய் எழுதவேண்டும். மணிக்கணக்காகும். நடுவில் நின்றால் பாதி வீடு பழைய காணியில், பாதி புதிய காணியில்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2022 மார்ச் கடைசி ஞாபகம் இருக்கும், நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்கள். என்னுடைய டெஸ்க்டொப்பில் டி டிரைவை இடது பக்கம் நகர்த்தி லினக்ஸுக்கு இடம் எடுக்கப் பார்த்தேன். யூபிஎஸ் இல்லை. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன், ஆனால் பக்கத்துப் பகுதிக்குரிய நேரத்தை எங்களுடையது என்று பிழையாக வாசித்திருந்தேன். நாற்பது சதவீதத்தில் திரை இருண்டது. அம்மம்மாவின் எண்பதாவது பிறந்தநாள் படங்களில் அரைவாசி மீண்டது. மீண்டவற்றிலும் சிலவற்றில் அம்மம்மாவின் முகத்துக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை. பிழை என்னுடையது. இப்போது மின்வெட்டு அட்டவணை இல்லை என்றாலும் கொழும்பில் கரண்டை நம்பிப் பார்டிஷனை நகர்த்தமாட்டேன். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருட்டானதே, அதற்கு யார் அட்டவணை போட்டார்கள்?

ஆகவே நான் கைக்கொள்வது இதுதான்: ஒரு பகுதியை அதன் கடைசிப் பக்கத்திலிருந்து மட்டும் சுருக்கு. தொடக்கத்தைத் தொடாதே. கடைசியில் சுருக்கும்போது அந்த ஓரத்தில் இருக்கும் சில கோப்புகளை மட்டும் உள்ளே இழுத்தால் போதும். லேப்டொப் என்றால் பற்றரியும் நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும்.

டிஸ்க்கில் ஏற்கனவே யார் யார் இருக்கிறார்கள்

மருமகனின் டிஸ்க், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை, 256 ஜிபி. விண்டோஸ் அதை 238 என்று காட்டுகிறது. "கடைக்காரன் ஏமாத்திப்போட்டானோ?" என்று கேட்டான். இல்லை. டிஸ்க் செய்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024ஆல் மூன்று தடவை பெருக்கி எண்ணுகிறது. 500 ஜிபி 465 என்று தெரிவதும் இதனால்தான். பல லினக்ஸ் மென்பொருள்கள் முதலாவது முறையில் காட்டும். ஒரே பகுதி இரண்டு இடங்களில் இரண்டு அளவாகத் தெரிந்தால் பதறவேண்டாம்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் மூன்று பெட்டிகள் தெரிந்தன. முதலாவது 100 எம்பி, 'ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன்'. சின்னதாக இருக்கிறது என்று யாரும் அதை அழித்துவிடாதீர்கள். லேப்டொப் உயிர்க்கும்போது முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். விண்டோஸைக் கிளப்பும் கோப்பு அதற்குள் இருக்கிறது, லினக்ஸும் தன்னுடையதை அதே இடத்தில் பக்கத்து அறையில் வைத்துக்கொள்ளும். இருவருக்கும் பொதுவான வாசல் அது. அடுத்தது பெரிய சி டிரைவ். கடைசியில் சில நூறு எம்பி அளவில், விண்டோஸைப் பழுதுபார்க்க உதவும் ரிகவரி. இவற்றோடு, விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிவைத்த 16 எம்பித் துண்டு ஒன்றும் உண்டு. அதை டிஸ்க் மேனேஜ்மென்ட் காட்டாது, லினக்ஸிலிருந்து பார்த்தால் தெரியும். அதையும் விட்டுவிடுங்கள்.

சி டிரைவைச் சுருக்கினால் வெற்றிடம் சிக்கும் ரிகவரிக்கும் நடுவில் வரும். சிலர் ரிகவரியை முன்னால் நகர்த்தி அழகுபடுத்தப் பார்க்கிறார்கள். தேவையே இல்லை. லினக்ஸுக்கு நடுவில் இருக்க எந்த மனக்குறையும் கிடையாது. மருமகனின் டிஸ்க்கில் லினக்ஸ் பகுதி இருப்பது மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில், ஆனால் அதன் இலக்கம் 5. வீட்டு இலக்கங்கள் ஒழுங்கில்லாத ஒழுங்கைகள் நமக்குப் புதிதா என்ன.

தொடங்குமுன்

பேக்கப். எல்லாரும் சொல்வது, எல்லாரும் 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளுவது. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஆவணங்களையும் படங்களையும் பிரதியெடுங்கள். எடுத்த பிறகு அந்த டிஸ்க்கை வேறொரு கொம்பியூட்டரில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். அப்புறம் அதைக் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள். கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிறுவும்போது அது செருகியபடி இருந்தால் பட்டியலில் இன்னொரு டிஸ்க்காக வந்து நிற்கும், அவசரத்தில் பேக்கப்பையே துடைத்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது பிட்லொக்கர், டிஸ்க்கில் இருப்பதை மறைகுறியாக்கி (என்கிரிப்ஷன்) பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. மருமகனின் லேப்டொப்பில் இது இல்லை, புதிய லேப்டொப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11இன் அண்மைய பதிப்பைப் புதிதாகப் போட்டால் ஹோம் பதிப்பிலும் டிஸ்க் தானாகவே பூட்டப்படலாம். பூட்டு இருக்கும்போது பூட் அமைப்புகளில், அதாவது கொம்பியூட்டர் எழும்பும் முறையில், கை வைத்தால், அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கும். திறவுகோல் பெரும்பாலும் அந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் கொப்பியில் எழுதிவைத்துவிட்டு, செட்டிங்ஸில் என்கிரிப்ஷனை நிறுத்தி, முழுவதும் அவிழும்வரை பொறுத்திருங்கள். உபுண்டு, மின்ட் நிறுவிகள் பிட்லொக்கர் இருப்பதைக் கண்டால் அதை நிறுத்திவிட்டு வரும்படி கேட்கும்.

பிறகு 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. விண்டோஸ் 8இல் வந்த வசதி. 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் சி டிரைவை வெளியாள் யாரும் தொடுவது கூடாது. கொன்ட்ரோல் பேனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குள், பவர் பட்டன் என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் இதை நிறுத்தலாம். விசித்திரம் என்னவென்றால், 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் முழுதாக அணைந்துதான் எழும்.

சுருக்குவது

விண்டோஸின் பகுதியை விண்டோஸைக் கொண்டே சுருக்குங்கள் என்பது என் பிடிவாதம். லினக்ஸ் பக்கத்தில் ஜிபார்டட் என்ற அருமையான கருவி இருக்கிறது, அதுவும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் தன் வீட்டில் எந்த அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவில் ரைட் கிளிக், 'ஷ்ரிங்க் வொல்யூம்'. எவ்வளவு சுருக்கவேண்டும் என்று எம்பி கணக்கில் கேட்கும். 60 ஜிபி வேண்டுமென்றால் 61440. எத்தனை போதும்? உபுண்டு குறைந்தது 25 ஜிபி கேட்கிறது. மின்ட் 20 ஜிபியில் ஏறிவிடும், வசதியாக இருக்க 100 என்கிறது. பழகிப்பார்க்க 50, 60 தாராளம். விண்டோஸுக்கும் மூச்சுவிட இடம் வையுங்கள். சி டிரைவில் 20, 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

சி டிரைவில் 110 ஜிபி காலியாக இருந்தும் விண்டோஸ் 30 ஜிபிக்கு மேல் சுருக்க முடியாது என்றது. மருமகனுக்குக் கோபம். நடந்தது இதுதான்: சில கோப்புகளை விண்டோஸ் தான் ஓடும்போது நகர்த்தாது. ஹைபர்னேஷன் கோப்பு (தூங்கும்போது நினைவகத்தில் இருப்பதை எழுதிவைப்பது), பேஜ் கோப்பு (நினைவகம் போதாதபோது உதவுவது), சிஸ்டம் ரிஸ்டோர் பிரதிகள் (பழைய நிலைக்குத் திரும்ப வைத்திருப்பவை). இவற்றில் ஒன்று டிரைவின் நடுவில் குந்திக்கொண்டிருந்தால் அதைத் தாண்டிச் சுருக்க முடியாது. வீடெல்லாம் வெறுமையாக இருந்தும் சுவரை நகர்த்தவிடாமல் நடுவில் ஒரு தேக்கு அலுமாரி நிற்பது போல. பேக்கப் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் சிஸ்டம் ரிஸ்டோரை நிறுத்தினோம், பேஜ் கோப்பை 'நோ பேஜிங் ஃபைல்' என்று மாற்றினோம். ஹைபர்னேஷனுக்கு, நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் புரொம்ப்டில் ஒரு கட்டளை: பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, சாய்கோடு, எச், ஓர் இடைவெளி, ஓஃப். எல்லாம் ஆங்கில எழுத்தில். ரீஸ்டார்ட் செய்ததும் 85 ஜிபி வரை விட்டுக்கொடுத்தது. 60 எடுத்தோம். பிறகு பேஜ் கோப்பையும் ரிஸ்டோரையும் பழையபடி இயக்கிவிட்டோம். ஹைபர்னேஷனைத் திரும்ப இயக்கவில்லை. இரண்டு சிஸ்டம் இருக்கும் கொம்பியூட்டரில் அது தலையிடிதான்.

சுருக்கியதும் 'அன்எலொகேட்டட்' என்று கறுப்புப் பட்டையோடு ஒரு வெற்றுப் பெட்டி தெரியும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். விண்டோஸிலேயே அதற்குள் ஒரு புதிய டிரைவ் உண்டாக்கிவைத்தால் நல்லதென்று தோன்றும். வேண்டாம். எம்பிஆர் டிஸ்க்கில் ஏற்கனவே நான்கு வரியும் நிரம்பியிருந்தால், டிஸ்க்கை 'டைனமிக்' ஆக மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். 'யெஸ்' கொடுத்தவர் லினக்ஸை மறந்துவிடவேண்டியதுதான், திரும்பி வரும் பாதை அவ்வளவு கரடுமுரடு.

இப்போது விண்டோஸை இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்து, ஒழுங்காக எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் அரைவாசிக்கு மேல் முடிந்துவிட்டது.

லினக்ஸ் பக்கம்

பென் டிரைவிலிருந்து எழுப்பும்போது பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு பெயரில் தெரியலாம், ஒன்றின் முன்னால் 'யூஈஎஃப்ஐ' (கொம்பியூட்டர் எழும்பும் புதிய முறை) என்று இருக்கும். டிஸ்க் ஜிபிடி என்றால் அதைத் தெரிவுசெய்யுங்கள். விண்டோஸ் எந்த முறையில் எழும்புகிறதோ அதே முறையில் லினக்ஸையும் போடவேண்டும். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயோஸில் (கொம்பியூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையில்) சேமிப்பகம் 'ரெய்ட்' என்றோ 'ஆர்எஸ்டி' என்றோ இருக்கும். ஆனால் அதை 'ஏஎச்சிஐ' என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் விண்டோஸ் எழும்பாமல் போகலாம். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்பும்படி அமைத்துவிட்டுத்தான் மாற்றவேண்டும்.

மின்ட்டின் நிறுவியில் நான் சொன்னது 'சம்திங் எல்ஸ்'. 'அலோங்சைட் விண்டோஸ்' என்ற தெரிவும் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்யும், ஆனால் என்ன செய்யப்போகிறது என்பதை அவ்வளவு விரிவாகக் காட்டாது. கையால் செய்தால் ஒவ்வொரு வரியும் கண் முன்னால் இருக்கும். 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்ற வரி நாம் சுருக்கிய அளவோடு பொருந்துகிறதா என்று வடிவாகப் பார்த்து, கூட்டல் குறியை அழுத்தி, வகை ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் கோப்பு முறை), மவுண்ட் பொயின்ட் (அந்தப் பகுதி லினக்ஸில் எந்த இடமாகத் தெரியவேண்டும் என்பது) வெறும் சாய்கோடு. அவ்வளவே. ஹோமுக்கு (நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) தனிப் பகுதி, ஸ்வொப்புக்கு (விண்டோஸின் பேஜ் கோப்பு மாதிரி) தனிப் பகுதி என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். 60 ஜிபிக்குள் அப்படித் துண்டு போட்டால் ஒன்று நிரம்பி வழியும்போது மற்றது காலியாகக் கிடக்கும். ஸ்வொப்பை இப்போது ஒரு கோப்பாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஈஎஃப்ஐ வரியில் 'ஃபோர்மட்' கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதில் சரி அடையாளம் விழுந்தால் பொது வாசலை இடித்த மாதிரி.

'இன்ஸ்டோல் நவ்' அழுத்தியதும் ஒரு பெட்டி வரும்: இன்ன மாற்றங்களை டிஸ்க்கில் எழுதப்போகிறேன், சம்மதமா என்று. நிறுவியில் இதுவரை செய்தது எல்லாம் வெறும் வரைவு. கையெழுத்து வைப்பது இங்கேதான். எந்தப் பகுதிகள் ஃபோர்மட் ஆகப்போகின்றன என்று அதில் எழுதியிருக்கும். ஒரே ஒரு வரி இருக்கவேண்டும், அது ஈஎக்ஸ்டி4 வரியாக இருக்கவேண்டும். மருமகனை அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் வாசித்தான், ஆனாலும் வாசித்தான்.

ஒருவேளை பிழையாகிவிட்டால்? கையை எடுங்கள். அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். அழிந்தது அட்டவணையின் வரி மட்டுமே என்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி டிஸ்க்கைத் தேடி, பழைய எல்லைகளைக் கண்டுபிடித்து, வரியைத் திரும்ப எழுதிவிடும். ஃபோர்மட் ஆகியிருந்தால் வாய்ப்புக் குறைவு. எஸ்எஸ்டியில் இன்னும் குறைவு; காலி என்று குறிக்கப்பட்ட இடத்தை அது தானாகவே துப்புரவாக்கிவிடும். இந்தத் தலையிடியே வேண்டாம் என்பவர்கள், டெஸ்க்டொப் வைத்திருந்தால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் இரண்டாவது எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, நிறுவும்போது விண்டோஸ் டிஸ்க்கின் வயரைக் கழற்றிவைத்துவிட்டு அதில் லினக்ஸைப் போடலாம். என்னைக் கேட்டால் அதுதான் சோம்பேறிகளுக்கும் பயந்தவர்களுக்கும் சிறந்த வழி. நான் இரண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மருமகன் போன் எடுத்தான். "மாமா, லினக்ஸ் திறம். ஆனா விண்டோஸில நேரம் அஞ்சரை மணித்தியாலம் பின்னால நிக்குது. பார்டிஷன் பிழைச்சுப்போட்டுதோ?"

பார்டிஷனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. லினக்ஸ் மதர்போர்டின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே கொழும்பு நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கும் உலகப் பொது நேரத்துக்கும் வித்தியாசம் சரியாக 5 மணி 30 நிமிடம். லினக்ஸ் டெர்மினலில் ஒரு கட்டளை கொடுத்தால் அதுவும் உள்ளூர் நேரத்தையே எழுதும். பின்னேரம் வா, போட்டுத் தருகிறேன் என்றேன். வரும்போது பேக்கப் எடுத்த டிஸ்க்கையும் கொண்டு வருவதாகச் சொன்னான், என் அலுமாரியில் வைக்க.